கடைசிப் பத்து மீட்டர்

இங்கிலாந்தின் தென்கரையில் டார்செட் மாவட்டத்தையொட்டி லைம் விரிகுடா விரிந்து கிடக்கிறது. அதன் கிழக்கு எல்லையில் போர்ட்லண்ட் முனையும், மைல்கணக்கில் நீளும் செசில் கூழாங்கல் கரையும் உள்ளன. அந்தக் கரையிலிருந்து சில கடல்மைல் தள்ளி, சுமார் 32 மீட்டர் ஆழத்தில், 90 மீட்டர் நீளமுள்ள நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று கடல்தரையில் நிமிர்ந்த நிலையில் நிற்கிறது. அதன் பெயர் எம்2. பிரிட்டிஷ் கடற்படைக்குச் சொந்தமானது. 1932 ஜனவரி 26ஆம் தேதி அது மூழ்கியது. உள்ளே இருந்த 60 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

இன்று ஆண்டுதோறும் ஸ்கூபா முக்குளிப்பவர்கள் வெய்மத், போர்ட்லண்ட் துறைமுகங்களிலிருந்து படகேறி அந்தக் கப்பலைப் பார்க்கப் போகிறார்கள். குளிர்ந்த, பச்சை நிறமான, பல நாள் கலங்கலான நீர் அது. முதுகில் சிலிண்டரைச் சுமந்து அங்கே இறங்கும் மனித உடலுக்கும், அங்கே மூழ்கிக் கிடக்கும் இரும்புக்கும் ஒரே இயற்பியல்தான். அந்த இயற்பியலைப் புரிந்துகொள்ள எம்2வைப் போலத் தெளிவான பாடம் வேறொன்று கிடைப்பது அரிது.

கடலில் ஆபத்து ஆழத்தில் இருக்கிறது என்றுதான் நாம் எல்லோரும் நம்புகிறோம். எம்2வின் கதை வேறு விதமாகச் சொல்கிறது. அந்தக் கப்பல் அழிந்தது நீர்மட்டத்தில். அதை மீட்க எடுத்த முயற்சி தோற்றது நீர்மட்டத்துக்கு மிக அருகில். அதைப் பார்த்துவிட்டுத் திரும்பும் முக்குளிப்பவர் அதிகக் கவனத்தோடு இருக்க வேண்டிய இடமும் நீர்மட்டத்தை ஒட்டிய கடைசிப் பத்து மீட்டர்தான். மூன்றுக்கும் காரணம் ஒன்றே. அதை விளக்குவதே இந்த அத்தியாயத்தின் வேலை.

விமானத்தைச் சுமந்த நீர்மூழ்கி

முதல் உலகப் போரின் நடுவில் பிரிட்டன் சில விசித்திரமான நீர்மூழ்கிகளைக் கட்டத் தொடங்கியது. போர்க்கப்பலில் பொருத்தும் 12 அங்குலப் பீரங்கியை நீர்மூழ்கியின் மேல்தளத்தில் ஏற்றுவது அந்தத் திட்டம். எம்1, எம்2, எம்3 என மூன்று கப்பல்கள் முடிக்கப்பட்டன. பாரோ நகரிலுள்ள விக்கர்ஸ் தளத்தில் கட்டப்பட்ட எம்2 சேவைக்கு வந்தபோது போர் முடிந்துவிட்டது. 1925 நவம்பரில் எம்1 கப்பல் ஸ்டார்ட் முனைக்கு அப்பால் விடார் என்ற ஸ்வீடன் நாட்டுச் சரக்குக் கப்பலோடு மோதி 69 பேரோடு மூழ்கியது. பீரங்கி நீர்மூழ்கி என்ற எண்ணமே கைவிடப்பட்டது.

எம்2வின் பீரங்கி கழற்றப்பட்டது. அந்த இடத்தில், கப்பலின் கட்டளைக் கோபுரத்துக்கு முன்னால், நீர் புகாத ஒரு விமானக் கொட்டகை கட்டப்பட்டது. அதற்குள் இறக்கைகளை மடித்து வைக்கக்கூடிய ஒரு சின்னஞ்சிறு கடல்விமானம் இருந்தது. பார்னல் பீட்டோ என்ற அந்த இருவர் விமானத்தின் இறக்கை அகலம் 9 மீட்டருக்கும் குறைவு. மடித்தால் இரண்டரை மீட்டருக்குள் அடங்கிவிடும். 1928இல் விமானத்தை உந்தி ஏவும் கேடபல்ட் அமைப்பும் சேர்ந்தது. கொட்டகையின் முன்கதவு கீழ்நோக்கித் திறக்கும், தண்டவாளங்கள் வழியாக விமானம் முன்னே வரும், இறக்கைகள் விரியும், கேடபல்ட் அதை வானில் எறியும். வேலை முடித்து நீரில் இறங்கிய விமானத்தைப் பாரந்தூக்கி திரும்ப மேலே எடுக்கும். விமானத்தின் வேலை வேவு பார்ப்பது. ரேடார் இல்லாத காலத்தில், நீர்மட்டத்திலிருந்து சில மைல் தூரத்துக்கு மேல் பார்க்க முடியாத நீர்மூழ்கிக்கு அது உயரத்தில் ஒரு கண்ணைக் கொடுத்தது.

ஆனால் விமானம் ஏவும் நேரம்தான் கப்பலுக்கு மிகப் பலவீனமான நேரம். மேலே வந்து கதவு திறந்து நிற்கும் நீர்மூழ்கியை எதிரி எளிதில் தாக்கலாம். ஆகவே மேலே வருவதும் விமானத்தை ஏவுவதும் எவ்வளவு வேகமாக முடிகிறதோ அவ்வளவு நல்லது. மாலுமிகள் அந்த வேகத்துக்காகத் தொடர்ந்து பயிற்சி எடுத்தார்கள்.

மேலே வரும் கணம்

நீர்மூழ்கி மிதப்பதும் மூழ்குவதும் ஆர்க்கிமிடீஸ் சொன்ன ஒரே விதியால். ஒரு பொருள் எவ்வளவு நீரை விலக்குகிறதோ அந்த நீரின் எடை அளவுக்கு அதை மேல்நோக்கித் தள்ளும் விசை இருக்கும். எம்2 நீர்மேல் மிதக்கும்போது விலக்கிய நீர் சுமார் 1,594 டன். மூழ்கியிருக்கும்போது 1,946 டன். இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள 350 டன் சொச்சம்தான் கப்பலின் மிதப்புச் சேமிப்பு. பாலாஸ்ட் தொட்டிகளுக்குள் அந்த அளவு கடல்நீரை விட்டால் கப்பல் மூழ்கும். காற்றை ஊதி அந்த நீரை வெளியே தள்ளினால் எழும்.

மூழ்கியிருக்கும் நீர்மூழ்கியின் எடையும் அது விலக்கும் நீரின் எடையும் ஏறக்குறையச் சமம். கப்பலின் இருபுறமும் உள்ள கிடைச் சுக்கான்கள், விமானத்தின் இறக்கை காற்றில் செய்வதை நீரில் செய்து அதை ஏற்றவோ இறக்கவோ செய்கின்றன. மேலே வரும்போது முதலில் கோபுரமும் கொட்டகையும் நீரைக் கிழித்துக்கொண்டு வெளிவரும். அப்போது தொட்டிகள் முழுதும் காலியாகியிருக்காது. ஓட்டத்தின் வேகமும் சுக்கான்களின் சாய்வும் கப்பலைப் பிடித்து நிறுத்தியிருக்கும். மீதி நீரைக் குறைந்த அழுத்தக் காற்று மெல்ல வெளியேற்றும்.

இந்த இடைவேளையில் கப்பலின் உறுதிநிலையும் மிகக் குறைவு. முழுதும் மூழ்கிய நீர்மூழ்கி, அதன் எடைமையம் மிதப்புமையத்துக்குக் கீழே இருப்பதால் நிமிர்ந்து நிற்கிறது. நீர்மேல் மிதக்கும்போது, நீர்மட்டத்தில் அதன் உடல் அகன்று கிடப்பதால் நிமிர்ந்து நிற்கிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் நடுநேரத்தில் இரண்டு ஆதாரமும் அரைகுறை. பாதி நிறைந்த தொட்டிகளில் நீர் இங்குமங்கும் ஓடி அந்த உறுதியை இன்னும் குறைக்கிறது. மேல்தளக் கட்டுமானத்தில் சிக்கிய நீர் வடிந்து முடியும்வரை அதன் எடையும் உயரத்திலேயே இருக்கிறது.

அந்த நேரத்தில் ஒரு பெரிய கதவு திறந்திருந்தால் என்ன ஆகும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சதுர மீட்டர் திறப்பு நீர்மட்டத்துக்கு ஒரு மீட்டர் கீழே போனால், நீர் நொடிக்கு 4 மீட்டருக்கும் அதிக வேகத்தில் பாயும். ஓரங்களில் ஏற்படும் தடையைக் கழித்தாலும் நொடிக்கு இரண்டரை டன்னுக்கு மேல், அதாவது நிமிடத்துக்கு 150 டன்னுக்கு மேல் உள்ளே வரும். முழு மிதப்புச் சேமிப்பான 350 டன்னைத் தின்ன அதற்கு இரண்டு மூன்று நிமிடம் போதும். தொட்டிகள் பாதிதான் காலியாகியிருந்தால் அவ்வளவு நேரம்கூட இல்லை. கப்பல் இறங்க இறங்கத் திறப்பின் மேலுள்ள அழுத்தம் கூடும். பாய்ச்சல் இன்னும் வேகமாகும். ஒருமுறை தொடங்கினால் தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும் விபத்து இது.

1932 ஜனவரி 26 அன்று காலை 10:11 மணிக்கு எம்2, தன் தாய்க்கப்பலான டைட்டானியாவுக்கு வானொலியில் செய்தி அனுப்பியது: மூழ்கப் போகிறோம். அதுவே அதனிடமிருந்து வந்த கடைசிச் செய்தி. அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்த டைன்சைடர் என்ற சரக்குக் கப்பலின் தலைவர், ஒரு பெரிய நீர்மூழ்கி பின்பக்கம் முதலில் இறங்க மூழ்குவதைப் பார்த்தார். நீர்மூழ்கி மூழ்குவது அவருக்கு ஆபத்தாகத் தோன்றவில்லை. போர்ட்லண்ட் வந்து சேர்ந்த பிறகு, பேச்சுவாக்கில்தான் அதைச் சொன்னார். பிப்ரவரி 3ஆம் தேதி கப்பல் கண்டுபிடிக்கப்பட்டது. கீழே போன முக்குளிப்பவர்கள் கண்ட முதல் முக்கியத் தடயம்: விமானக் கொட்டகையின் கதவு திறந்திருந்தது. விமானம் உள்ளேயே இருந்தது.

மேலே வந்தவுடன், அல்லது முழுதும் வருவதற்கு முன்பே, விமானத்தை ஏவக் கதவு திறக்கப்பட்டு, நீர் கொட்டகைக்குள் பாய்ந்து, அங்கிருந்து கப்பலின் உடலுக்குள் இறங்கியிருக்க வேண்டும் என்பதே பொதுவாக ஏற்கப்பட்ட விளக்கம். முன்பக்கம் நீர் புகுந்த கப்பல் ஏன் பின்பக்கம் முதலில் மூழ்கியது என்ற கேள்வி இன்றும் விவாதிக்கப்படுகிறது. எப்படியிருந்தாலும், அந்த மனிதர்கள் இறந்தது எதிரியாலோ பேராழத்தாலோ அல்ல. காற்றை எட்டிப் பிடித்த அதே கணத்தில் இறந்தார்கள்.

மீட்பு தோற்ற இடம்

கடற்படை கப்பலைத் தூக்க முடிவு செய்தது. ஸ்காட்லாந்தின் ஸ்காப்பா ஃப்ளோவில் மூழ்கிக் கிடந்த ஜெர்மன் போர்க்கப்பல்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் புகழ்பெற்றிருந்த எர்னஸ்ட் காக்ஸின் அனுபவமும் இதற்குக் கேட்கப்பட்டது. செம்புத் தலைக்கவசம், ஈய அடியுள்ள பூட்ஸ், மேலிருந்து குழாய் வழியே வரும் காற்று என்ற பழைய கனத்த உடையில், முக்குளிப்பவர்கள் சுமார் 1,500 முறை இறங்கினார்கள். திறப்புகளை ஒவ்வொன்றாக அடைத்தார்கள். உள்ளே காற்றை ஏற்றி நீரை வெளியேற்றினார்கள்.

1932 டிசம்பர் 8ஆம் தேதி எம்2 தரையைவிட்டுக் கிளம்பியது. நீர்மட்டத்துக்கு ஏறத்தாழ 6 மீட்டர் கீழே வரை வந்துவிட்டது. அப்போது புயற்காற்று எழுந்தது. பத்து மாத உழைப்பு கைவிட்டுப் போனது. கப்பல் மீண்டும் அடியில் விழுந்தது. அதன்பின் யாரும் அதை அசைக்க முயலவில்லை.

ஏன் அந்த 6 மீட்டரில்? அலையின் ஆட்டம் மேற்பரப்பில் அதிகம். ஆழம் போகப் போகக் குறையும். அலையின் நீளத்தில் பாதி ஆழத்துக்குக் கீழே அது கிட்டத்தட்ட இல்லை. ஆகவே தரையில் கிடந்தவரை புயல் கப்பலை அதிகம் தொடவில்லை. மேலே வந்ததும் அலைகளின் பிடிக்குள் வந்துவிட்டது. இரண்டாவது காரணம் காற்று. ராபர்ட் பாயில் 17ஆம் நூற்றாண்டில் கண்ட விதிப்படி, அழுத்தம் பாதியானால் வாயுவின் பருமன் இரட்டிப்பாகும். காற்றால் தூக்கப்படும் எந்தப் பொருளும் மேலே வர வர, அதற்குள் இருக்கும் காற்று விரியும், விரிந்த காற்று அதிக நீரை விலக்கும், தூக்குவிசை கூடும். உயர உயரக் கட்டுப்பாடு குறைகிறது. இந்த விரிவு எங்கே அதிகம் என்பதுதான் இப்போது பார்க்க வேண்டியது.

கடல்நீரில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் அழுத்தம் ஒரு வளிமண்டல அளவு கூடுகிறது. மேற்பரப்பில் 1, பத்து மீட்டரில் 2, முப்பதில் 4, எம்2 நிற்கும் 32 மீட்டரில் 4.2. தரையில் ஒரு லிட்டர் காற்றை ஒரு பையில் அடைத்து மேலே விட்டால், முதல் 10 மீட்டர் ஏறும்போது அது 1.3 லிட்டர் ஆகும். அடுத்த 10 மீட்டரில் 1.9 லிட்டர். மீதியுள்ள 12 மீட்டரில் 4.2 லிட்டர் ஆகிவிடும். மொத்த விரிவில் முக்கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவான பங்கு அந்தக் கடைசிப் பகுதியிலேயே நடக்கிறது. ஆழத்தை மீட்டரில் அளந்தால் எல்லா மீட்டரும் சமம். விகிதத்தில் அளந்தால் மேலேயுள்ள மீட்டர்களே கனமானவை.

உடல் இறங்கும்போது

இதே கணக்கு மனிதனுக்கும் பொருந்துகிறது. எம்2வுக்கு இறங்குபவர்கள் ஓதத்தின் ஓட்டம் நிற்கும் இடைவேளைக்காகக் காத்திருக்கிறார்கள். ஆங்கிலக் கால்வாயில் ஏற்றவற்றத்தின் நீரோட்டம் கடுமையானது. அது திரும்பும் சிறுபொழுதில்தான் கப்பலின் மேல் நிலையாக நீந்த முடியும். மிதவையிலிருந்து கப்பலுக்குக் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்குவார்கள். சிவப்பு நிறம் முதலில் மறையும். நுண்ணுயிர் மிதவைகள் நிறைந்த நீர் எல்லாவற்றையும் பச்சையாக்கும். 20 மீட்டரைத் தாண்டும்போது கோபுரத்தின் உச்சி தெரியும்.

அங்கே மூச்சின் விலை ஏறிவிட்டது. ரெகுலேட்டர், சுற்றியுள்ள நீரின் அழுத்தத்துக்குச் சமமான அழுத்தத்தில் காற்றைக் கொடுக்கிறது. இல்லாவிட்டால் மார்பை விரிக்கவே முடியாது. மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிப்பவர் 32 மீட்டரில் அதே மூச்சுக்கு 84 லிட்டர் காற்றைச் செலவிடுகிறார். 232 பார் அழுத்தத்தில் நிரப்பிய 12 லிட்டர் சிலிண்டரில் இருப்பது ஏறத்தாழ 2,780 லிட்டர். முழுதையும் தரையிலேயே செலவிட்டாலும் 33 நிமிடம்தான். ஏறுவதற்கும், உடன் இறங்கியவருக்கு நேரும் அவசரத்துக்கும் ஒதுக்கிவிட்டால் மிஞ்சுவது அதில் சிறு பகுதி.

காற்றில் சுமார் 78 சதவீதம் நைட்ரஜன். நமக்கு அதனால் பயனில்லை. ஆனால் அழுத்தத்தில் அது இரத்தத்திலும் திசுக்களிலும் கரைகிறது. 30 மீட்டர் வாக்கில் பலருக்கு அது இலேசான போதையைத் தருகிறது: முடிவுகள் தாமதமாகும், கணக்குகள் தவறும், காரணமில்லாத துணிச்சலோ பயமோ வரும். திறந்த கதவுக்குள் எட்டிப் பார்க்கத் தூண்டும் கப்பலின் அருகில் இது கவனிக்க வேண்டிய விஷயம்.

இதனால்தான் பலர் இங்கே நைட்ராக்ஸ் பயன்படுத்துகிறார்கள். 32 சதவீத ஆக்சிஜன் உள்ள கலவையில் நைட்ரஜன் குறைவு. 32 மீட்டரில் அதைச் சுவாசிப்பவரின் உடல், சாதாரணக் காற்றோடு 26 மீட்டரில் இருப்பவரின் அளவுக்குத்தான் நைட்ரஜனை வாங்கும். ஆனால் ஆக்சிஜனும் அழுத்தத்தில் நஞ்சாகும், வலிப்பைத் தரும். அதன் பகுதி அழுத்தம் 1.4 பாரைத் தாண்டக் கூடாது என்பது வழக்கமான வரம்பு. 32 சதவீதக் கலவைக்கு அந்த வரம்பு 33 மீட்டரைச் சற்றுத் தாண்டி வருகிறது. எம்2 நிற்கும் தரை அந்த வரம்புக்கு மிக அருகில் இருக்கிறது. கலவையை அளந்து பார்க்காமல் இறங்கக் கூடாது.

குளிரின் கணக்கு

லைம் விரிகுடாவின் நீர் குளிர்காலக் கடைசியில் 8, 9 டிகிரி செல்சியஸ். கோடைக் கடைசியில் 17, 18 வரை ஏறும். நம் தென்கடல்களின் 28 டிகிரிக்குப் பழகியவர்களுக்குக் கோடை நீரும் குளிர்தான். காற்றைவிட நீர் சுமார் 24 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துகிறது. ஸ்வெட்டரோடு வசதியாக இருக்கும் 9 டிகிரிக் காற்றுக்கும், பாதுகாப்பில்லாமல் இறங்கினால் விரல்கள் செயலிழக்கும் 9 டிகிரி நீருக்கும் உள்ள வித்தியாசம் இதுவே.

நியோப்ரீன் உடை, அதற்குள் அடைபட்ட வாயுக் குமிழ்களால் வெப்பத்தைக் காக்கிறது. 30 மீட்டரில் அந்தக் குமிழ்கள் கால்வாசியாகச் சுருங்கும். எங்கே அதிகம் தேவையோ அங்கே உடை மெலிந்துவிடும். அதனால் குளிர்நீரில் டிரை சூட் எனப்படும் உலர் உடை. உள்ளே கம்பளி உடுப்பு. உடலோடு ஒரு காற்றுப் படலம். இறங்கும்போது அது சுருங்காமலிருக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று சேர்க்க வேண்டும். அதே காற்று ஏறும்போது விரியும். தோளிலுள்ள வால்வு வழியாக அதை விட்டுக்கொண்டே வர வேண்டும். விடத் தவறினால் உடை ஊதி, மிதப்பு கூடி, ஏற்றம் வேகமாகி, வேகம் இன்னும் விரிவைக் கொண்டுவரும். எம்2வைத் தூக்கியவர்கள் எதிர்கொண்ட அதே சங்கிலி ஒரு மனிதரின் உடைக்குள் நடக்கிறது. அதுவும் கடைசிப் பத்து மீட்டரில்தான் மிகக் கடுமையாக.

குளிர் கருவியையும் விடாது. 232 பாரிலிருந்து காற்று திடீரென விரியும்போது அது குளிர்கிறது. டயரிலிருந்து காற்றை வேகமாக வெளியேற்றும்போது வால்வு சில்லிடுவது இதனால்தான். நீரே 10 டிகிரிக்குக் கீழ் இருக்கும்போது, ரெகுலேட்டரின் உள்ளே பனி உறைந்து வால்வு திறந்தபடியே சிக்கலாம். காற்று நிற்காமல் கொட்டும். சிலிண்டர் சில நிமிடங்களில் தீரும். குளிர்நீருக்கென்று சீல் வைத்த ரெகுலேட்டர்களும், தனி வால்வோடு இரண்டாவது காற்று ஆதாரமும் இங்கே ஆடம்பரமில்லை, அவசியம்.

குளிருக்கும் நைட்ரஜனுக்கும் ஓர் உறவு உண்டு. உடல் சூடாக இருக்கும்போது இரத்தவோட்டம் திசுக்களுக்கு நன்றாகப் போகிறது. நைட்ரஜன் விரைவாகக் கரைகிறது. குளிர்ந்ததும் தோலுக்கும் கைகால்களுக்கும் போகும் நாளங்கள் சுருங்குகின்றன. கரைந்த நைட்ரஜன் வெளியேறத் தாமதமாகிறது. ஆகவே மிக மோசமான வரிசை: அடியில் சூடாக இருந்துவிட்டு ஏறும்போது குளிர்வது. குளிர்நீர் முக்குளிப்பில் பெரும்பாலும் அதுதான் இயல்பாக நடக்கிறது.

ஆடுகளும் ஒரு தந்தையும் மகனும்

ஏறும்போது திசுக்களில் கரைந்த நைட்ரஜன் வெளியே வர வேண்டும். வேகமாக ஏறினால் அது குமிழ்களாகும். மூட்டுவலியிலிருந்து முடக்குவாதம், மரணம் வரை போகலாம். எவ்வளவு மெதுவாக ஏறினால் போதும் என்பதற்கு முதல் அறிவியல் விடை தந்தவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த உடலியலாளர் ஜான் ஸ்காட் ஹால்டேன். பிரிட்டிஷ் கடற்படைக்காக ஆர்தர் பாய்காட், கடற்படை அதிகாரி கைபன் டாமண்ட் ஆகியோரோடு சேர்ந்து அழுத்த அறையில் ஆடுகளை வைத்து ஆராய்ந்தார். 1906இல் ஸ்காட்லாந்தின் ஒரு கடற்கழியில் டாமண்டும் ஆண்ட்ரூ கேட்டோவும் 64 மீட்டர் வரை இறங்கித் திரும்பினார்கள். 1908இல் முதல் அழுத்தநீக்க அட்டவணைகள் வெளியாயின.

ஹால்டேனின் கண்டுபிடிப்பின் மையம் ஒரு விகிதம். 10 மீட்டரில் எவ்வளவு நேரம் இருந்தாலும் நேரே மேலே வந்தவர்களுக்கு நோய் வரவில்லை என்பதை அவர் கவனித்தார். அங்கே அழுத்தம் 2, மேலே 1. எனவே அழுத்தம் பாதியாகக் குறைவதை உடல் தாங்கும் என்று எடுத்துக்கொண்டார். 6இலிருந்து 3க்கு விரைவாக ஏறலாம். அதன்பின் நின்று நின்று ஏற வேண்டும். மேலே வர வர நிறுத்தங்கள் நீளும். எம்2வைத் தூக்க 1,500 முறை இறங்கியவர்கள், இந்தச் சிந்தனையிலிருந்து வந்த அட்டவணைகளின் காலத்தில் வேலை செய்தவர்கள். இன்று மணிக்கட்டில் கட்டும் கணினி பதினாறு வகைத் திசுக்களைக் கற்பனை செய்து நொடிக்கு நொடி கணக்கிட்டாலும், அதன் வேர் ஹால்டேனிடம்தான் இருக்கிறது. நிறுத்தம் கட்டாயமில்லாத எளிய முக்குளிப்பிலும் 5 அல்லது 6 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்பது இன்று பொது வழக்கம். எம்2 ஒருகாலத்தில் எட்டித் திரும்பி விழுந்த அதே ஆழம்.

நுரையீரல் இன்னும் கறாரானது. மூச்சை அடக்கிக்கொண்டு ஏறினால், ஒரு மீட்டர் சொச்ச ஆழ வித்தியாசமே அதைக் கிழிக்கப் போதும். அதுவும் மேற்பரப்பை ஒட்டித்தான் எளிதில் நடக்கும். ஏறும்போது மூச்சை அடக்காதே என்பது ஸ்கூபாவின் முதல் பாடமாக இருப்பதற்குக் காரணம் இதுவே.

ஹால்டேனின் மகன் ஜே.பி.எஸ். ஹால்டேன் சிறுவனாகவே தந்தையின் சோதனைகளில் முக்குளித்தவர். 1939 ஜூன் 1ஆம் தேதி லிவர்பூல் விரிகுடாவில் தீட்டிஸ் என்ற புதிய நீர்மூழ்கி சோதனை ஓட்டத்தில் மூழ்கியது. முன்பக்கம் சேற்றில் குத்தி நின்றது. பின்பக்கம் நீருக்கு மேலே கண்ணில் படும்படி நீட்டிக்கொண்டிருந்தது. அப்படியிருந்தும் 103 பேரில் 4 பேரே தப்பினார்கள். மற்றவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது உள்ளே சேர்ந்த கரியமில வாயு. அந்த இறப்புகளின் காரணத்தை அறிய ஜே.பி.எஸ். தன்னையே அழுத்த அறைக்குள் பூட்டிக்கொண்டு சோதித்தார். பின்னாளில் 1957இல் அவர் இந்தியாவுக்கு வந்து, பின்னர் குடியுரிமை பெற்றார்; 1964இல் புவனேஸ்வரில் காலமானார். நீருக்கடியில் உயிர் காக்கும் அறிவியலின் ஒரு கிளை இப்படி நம் நாட்டு மண்ணிலும் வந்து முடிகிறது.

இரும்பும் உயிரும்

கடல்நீரில் திறந்து கிடக்கும் எஃகு, பொதுவாக ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் அளவில் அரிக்கப்படுகிறது. தொண்ணூறு ஆண்டுகளில் அது 9 மில்லிமீட்டர். ஆனால் அரிப்பு எங்கும் ஒரே மாதிரி நடப்பதில்லை. சுண்ணாம்பு ஓடுடைய உயிர்கள் மேலே படிந்து கெட்டியான மேலோடு உருவானால் ஆக்சிஜன் உள்ளே போவது குறையும், அரிப்பும் குறையும். வெண்கலப் பாகமும் எஃகும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் கடல்நீர் அவற்றை ஒரு மின்கலமாக்கும். எஃகு தன்னைக் கொடுத்து வெண்கலத்தைக் காக்கும். யாராவது அந்த மேலோட்டைச் சுரண்டினாலோ, நங்கூரம் உரசினாலோ, பல்லாண்டுக் காப்பு ஒரே நாளில் போய்விடும்.

சிதைந்துகொண்டிருக்கும் அந்த எஃகின் மேல் உயிர்கள் செழிக்கின்றன. தட்டையான அடிப்பரப்பில் உயர்ந்து நிற்கும் கெட்டியான எந்தப் பொருளும் நீரோட்டத்தை மேலே திருப்பும். ஓட்டம் உணவைக் கொண்டுவரும். உணவை வடிகட்டி உண்ணும் கடற்சாமந்திகளும் மென்பவளங்களும் அங்கே குடியேறும். பௌட்டிங் எனப்படும் செம்பு நிற மீன்கள் கூட்டம் கூட்டமாகக் கோபுரத்தைச் சுற்றி நிற்கின்றன. இடுக்குகளில் காங்கர் விலாங்குகள் தங்குகின்றன. திறந்த கொட்டகையின் வாயையும், விமானம் ஓடி வந்திருக்க வேண்டிய தண்டவாளத்தையும் இவற்றின் நடுவேதான் பார்க்க வேண்டியிருக்கிறது.

தூக்கிக் கொண்டுவந்து பாதுகாக்கலாமே என்று தோன்றலாம். பிரிட்டனின் முதல் நீர்மூழ்கியான ஹாலண்ட் 1இன் அனுபவம் அதற்குப் பதில். 1913இல் உடைக்க இழுத்துச் செல்லும்போது மூழ்கி, 1982இல் தூக்கப்பட்ட அது வெளியே வந்தபின் விரைவாக அரிக்கத் தொடங்கியது. எஃகின் நுண்துளைகளில் புகுந்திருந்த உப்பின் குளோரைடு காற்றுபட்டதும் வேலையைத் தொடர்ந்தது. கடைசியில் முழுக் கப்பலையும் சோடியம் கார்பனேட் கரைசலில் ஆண்டுக்கணக்கில் ஊறவைத்து அந்த உப்பை வெளியேற்ற வேண்டியிருந்தது. இன்று அது காஸ்போர்ட் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஹாலண்ட் 1 சுமார் 19 மீட்டர் நீளம். எம்2 அதைப்போல ஏறத்தாழ ஐந்து மடங்கு நீளம். அதோடு அது ஒரு கல்லறையும்கூட.

பார்க்கலாம், தொடக் கூடாது

எம்2வுக்குப் பின் பிரிட்டன் விமானம் சுமக்கும் நீர்மூழ்கியைக் கைவிட்டது. ஜப்பான் அந்த எண்ணத்தை வளர்த்தது. 1942 செப்டம்பரில் ஐ-25 என்ற நீர்மூழ்கியிலிருந்து கிளம்பிய சிறுவிமானம் அமெரிக்காவின் ஓரிகன் காடுகளில் தீக்குண்டுகளைப் போட்டது. அந்த எண்ணத்தின் வரலாற்றில் எம்2 ஒரு தொடக்கம். அதற்கு விலையாகப் போனவர்கள் 60 பேர். அவர்களில் இரண்டு உடல்களே மீட்கப்பட்டன. மற்றவர்கள் அங்கேயே இருக்கிறார்கள்.

1986இல் பிரிட்டன் கொண்டுவந்த படைத்துறை எச்சங்கள் பாதுகாப்புச் சட்டம், மூழ்கிய போர்க்கலங்களை இரண்டு வகையாகக் காக்கிறது. ஒரு வகையில் அனுமதியில்லாமல் இறங்கவே கூடாது. 1914இல் 11 பேரோடு மூழ்கிய ஏ7 அப்படிப்பட்டது. இன்னொரு வகையில் இறங்கலாம், பார்க்கலாம். தொடவோ எடுக்கவோ உள்ளே நுழையவோ கூடாது. எம்2 இந்த இரண்டாவது வகை. இது நம்பிக்கையை அடிப்படையாகக் கொண்ட ஏற்பாடு. ஒவ்வொரு முக்குளிப்பின்போதும் காவலர் யாரும் உடன் வருவதில்லை. சசெக்ஸ் கரைக்கு அப்பால் சட்டப் பாதுகாப்பில் இருந்த ஹாலண்ட் 5இன் டார்பிடோ குழாய் மூடியைச் சிலர் திருடியது 2010இல் தெரியவந்தது. ஹாலண்ட் வகை நீர்மூழ்கிகளில் கடலில் எஞ்சியிருந்த ஒரே கப்பல் அது. அந்த மூடியோடு, அறிவியல் இனி ஒருபோதும் படிக்க முடியாத ஒரு பக்கமும் போய்விட்டது.

கடலடியில் கிடக்கும் கப்பலிலிருந்து நாம் எடுத்துவர வேண்டியது அறிவு மட்டுமே. திறந்த கதவு எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, எஃகு எங்கே மெலிந்திருக்கிறது, எந்த உயிர் எங்கே குடியேறியிருக்கிறது என்பதெல்லாம் இருந்த இடத்தில் இருந்தால்தான் சாட்சி சொல்லும். எடுத்துவந்தால் அவை வெறும் பித்தளைத் துண்டுகள். முக்குளிக்கப் பழகும் இளைஞர்கள் நம் நாட்டிலும் பெருகிவருகிறார்கள். எந்தக் கடலில் எந்தக் கப்பலின் மேல் இறங்கினாலும் அவர்கள் இரண்டு விதிகளை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கீழே எதையும் தொடாதீர்கள். மேலே வரும்போது, முக்கியமாகக் கடைசிப் பத்து மீட்டரில், அவசரப்படாதீர்கள்.